பூங்கா ஓரத்து வீடுகள்

கோலாலம்பூர்,
14.5.2023

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை செய்யும் உன் மகனின் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது என்றும், பினாங்குக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அவசரப்பட வேண்டாம் என்று சொல். வேறு இடம் அமையும்வரை என் வீட்டில் வந்து தங்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனைத் தாமான் ரிம்பா கியாரா பூங்காவுக்கு அழைத்துப் போனேன். அதில் ஏறக்குறையப் பாதியை எடுத்து, 40 மாடிக்கு மேல் உயரும் 8 கட்டடங்கள் எழுப்ப 2017இல் அனுமதி கொடுத்திருந்தார்கள். சுற்றுவட்டார மக்கள் விடாமல் வழக்காடினார்கள். அந்த அனுமதி செல்லாது என்று போன மாதம் 18ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, சரசு. அரசாங்கத்தின் 124 ரிங்கிட் வாடகை அடுக்குமாடியில் என் பேரனுக்கு ஓடி விளையாட லிப்ட் வாசல்தான் இருக்கிறது. வசதி உள்ளவர்களுக்குக் கிளப் இருக்கிறது. எங்களுக்குப் பூங்காவை விட்டால் வேறு என்ன?

ஆனால் பூங்கா ஓரத்திலிருக்கும் வீடுகளைப் பார்த்ததும் மனம் கனத்துவிட்டது. நாம் பிறந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளைப் போலவேதான். பலகைச் சுவர், தகரக் கூரை. வாசலில் ஒரு பாட்டி, பெயிண்ட் டின்னில் வளர்த்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 1982இல் தற்காலிகமாக இங்கே குடிவைத்தார்கள். 41 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் தோட்ட மண்ணில் கோல்ப் திடல் வந்துவிட்டது. இவர்களுக்கு இன்னும் சொந்த வீடு வரவில்லை.

அந்தத் திட்டத்தில் இவர்களுக்கென்றும் 29 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதனால்தான் பூங்காவைக் காக்க வேண்டும் என்றவர்களைப் பார்த்து, "ஏழைகளுக்கு வீடு வேண்டாமா?" என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். என் கோபமெல்லாம் அந்தக் கேள்வி மேல்தான். சுமார் 100 குடும்பங்களுக்கு ஒரு கட்டடம் போதுமே! விலை உயர்ந்த வீடுகளை விற்ற லாபத்தில் மலிவு வீடு கட்டுவதாம். அந்தக் கணக்கில் ஊருக்குப் பொதுவான நிலம்தான் முதலீடாகிறது. இப்போது லயம் நிற்கும் இடத்திலேயே இவர்களுக்குக் கட்டிக் கொடுத்தால் பூங்காவில் ஒரு மரம்கூட விழ வேண்டாம்.

வீடு தருவதாகச் சொன்ன பழைய கடிதங்களைப் பாட்டி ஒரு மைலோ டின்னில் வைத்திருக்கிறார். எல்லாம் மலாயில் இருக்கின்றன. படித்துச் சொல்வாயா என்று கேட்டார். வரும் ஞாயிறு மறுபடியும் போகிறேன். உன் மகனுக்கு நல்ல மலாய் வருமே, அதற்குள் அவனை அனுப்பி வை.

அன்புடன்,
லட்சுமி