சாதனை மேடையை விடுங்கள், நீங்களும் ஒரு கம்பைப் பிடியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் மண்பானை மேல் நின்றும், கண்ணைக் கட்டிக்கொண்டும், மணிக்கணக்கில் சிலம்பம் சுற்றி 'உலக சாதனை' படைத்ததாகப் படத்தோடு செய்திகள் அடிக்கடி வருகின்றன. திங்கட்கிழமை தாளைப் பிரித்தால் ஏதாவது ஓர் ஊரிலிருந்து ஒரு படம் நிச்சயம். அதைப் பற்றி ஒரு தகப்பனாகச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது.

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. சிலம்பம் கற்கிறாள். நானும்தான். எனக்கு வயது 46.

மெஷினில் குனிந்தே காலம் ஓட்டியவனுக்குக் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு எல்லாம் எப்படி இருக்கும் என்று தையல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மகளை மைதானத்தில் இறக்கிவிட்டு, வண்டி மேல் உட்கார்ந்தபடி செல்போனைத் தேய்க்கும் பெற்றோர் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். ஒரு நாள் ஜோடிக்கு ஆள் குறைந்தது. "அண்ணே, சும்மாதானே இருக்கீங்க, ஒரு கம்பைப் பிடிங்க" என்றார் மாஸ்டர். பிடித்தேன், அவ்வளவுதான்.

கம்பு அவரவர் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. மறுநாளே கடையில் இஞ்ச் டேப்பை எடுத்து என்னை நானே அளந்துகொண்டு கம்பு வாங்கினேன். வருகிறவர்களின் தோளையும் கையையும் அளந்து பழகியவன் தன் உயரத்தை அளந்தது அப்போதுதான். மாஸ்டர் முதலில் கம்பைச் சுற்றவே விடவில்லை. வணக்கம் வைப்பது, அப்புறம் கால்மானம் என்கிற கால் வைப்பு முறை, அப்புறமும் கால்மானம். கால் சரியாக நகராதவன் கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அடி வாங்குவான். விரல் முட்டியில் கம்பு பட்டால் உயிர் போகும். அதோடு காலையில் போய் ஊசியில் நூல் கோக்க வேண்டுமே, அந்தப் பாடு தனி.

இதில் என் மகள் எனக்கு மூத்தவள். "அப்பா, கம்பைப் பாக்காதீங்க, என் கண்ணைப் பாருங்க" என்பாள். கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளை, எனக்குத் தப்பு திருத்தும்போது அவ்வளவு பொறுமையாக இருந்தாள். ஏழு தடவை கேட்டாலும் எட்டாவது தடவையும் சிரித்துக்கொண்டே சொல்லித் தருவாள். எனக்கு அந்தப் பொறுமை அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் பேச்சு வரும். வீட்டில் எதிரே உட்கார வைத்து, "ஸ்கூல்ல என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா"தான். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போது, யாரும் கேட்காமலே, கூடப் படிக்கிற பிள்ளைகள் தன்னை ஒதுக்கி வைத்திருக்கும் கதை வந்தது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனுக்குச் சொல்லவும் தெம்பில்லை என்பது வேறு விஷயம்.

போன வருடம் அவள் பெரிய மனுஷியானாள். சடங்கு முடிந்த கையோடு, "இனிமே எதுக்கு அவளுக்குக் கம்பு?" என்று சொந்தத்தில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மைதானத்தில் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். ஏழு, எட்டு என்று போகப் போக ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். மேடையில் வேலு நாச்சியார் பெருமை பேசுகிற அதே வாய்தான் வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துகிறது. என் அம்மாவும் முதலில் அந்தப் பக்கம்தான். "அவ தனியா போகலையே, நானும்தானே கூட நின்னு ஆடுறேன்" என்றதும் அவருக்கு மேலே பேச வழியில்லை. மாதத்தில் சில நாள், "இன்னைக்கு வயிறு வலிக்குதுப்பா, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று மகள் என்னிடமே நேராகச் சொல்கிறாள். என் தங்கை இப்படி எங்கள் அப்பாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

உடம்புக்கும் நல்லதுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும், பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் இரண்டு பேர் கணக்கும் ஒரே மைதானத்தில் ஓரளவு தேறிவிடுகிறது. என் தோள்பட்டையும் முன்போல் இறுகுவதில்லை.

இப்போது சாதனைக்கு வருகிறேன். இந்த நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களில் பலர் தனியார். பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மெடல், ஒரு சான்றிதழ், மேடையில் ஒரு படம் என்று முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கும் அழைப்பு வந்தது. சிலம்பத்துக்கு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த பிறகு பெற்றோருக்கு ஆசை கூடியிருப்பது நியாயம்தான். ஆனால் அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். பானை மேல் நின்று வாங்கிய காகிதம் அங்கே செல்லாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்களே, அங்கே பார்த்தது ஆட்டம். வெயிலில் ஒரே இடத்தில் நின்று மணிக்கணக்கில் ஒரே சுற்றைச் சுற்றுவதில் கால்மானமும் இல்லை, எதிரே ஆளும் இல்லை. மணிக்கட்டு வீங்கி அழுத ஒரு சின்னப் பையனை, "இன்னும் கொஞ்ச நேரம்டா தங்கம்" என்று பந்தல் நிழலில் இருந்தபடியே அவன் அப்பா உற்சாகப்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று அவரும் ஒரு பத்து நிமிடம் சுற்றியிருந்தால், பிள்ளையை அவரே இறக்கி அழைத்து வந்திருப்பார்.

சொல்லித்தருகிற மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாளாவது வெளியே காத்திருக்கும் பெற்றோரை உள்ளே கூப்பிடுங்கள். அம்மாக்களையும் கூப்பிடுங்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் மைதானத்தில் ஓர் அம்மா ஆடுகிறார், எங்கள் எல்லோரையும் விட அவர் கால் சுத்தம்.

உங்களுக்கும் ஒன்று. இனி இப்படிப் படம் வரும்போது பிள்ளைகள் எத்தனை மணி நேரம் நின்றார்கள், எவ்வளவு கட்டணம், மருத்துவர் இருந்தாரா, சான்றிதழை யார் கொடுத்தது என்று உங்கள் நிருபர் கேட்டு அதையும் சேர்த்துப் போடட்டும். கட்டணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்போது, மற்றவர்கள் எல்லாம் 'சரி' போட்டிருக்க, 'எங்கள் பிள்ளை வரவில்லை' என்று பதில் போட எங்களைப் போன்றவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் தாளில் நாலு வரி வந்தால், அதை எடுத்துக் குழுவில் போட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்.