வித்யாவுக்கு, தட்டச்சைத் தொடங்கும் முன்

அன்புள்ள வித்யா,

தீபாவளி லீவில் உட்கார்ந்து டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதாபாத்திர ஆட்டத்துக்காகக் கற்பனை செய்த உப்பங்கழி உலகம் மொத்தத்தையும், அந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளமான டிஎன்டி பியாண்டில் ஏற்றிவிடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. இந்தக் கடிதமே அதற்காகத்தான். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தாள். விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்பெல் (மந்திரம்), மேஜிக் ஐட்டம், மான்ஸ்டர், ஃபீட் (சிறப்புத் திறன்), பேக்கிரவுண்ட் (பின்னணி), ஸ்பீஷீஸ் (இனம்), சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு) எல்லாவற்றையும் அங்கே நீயே உருவாக்கலாம். முழு கிளாஸ், அதாவது கதாபாத்திரத்தின் தொழில்வகை, மட்டும் முடியாது. உன் கழிக்காவலரோ முழு கிளாஸ். ஃபைட்டர் என்ற கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸாகத் திணித்துவிடு என்று ரவி சொல்வான், கேட்காதே. ஃபைட்டரின் திறன்களான செகண்ட் விண்டும் ஆக்‌ஷன் சர்ஜும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும், நீ பார்த்துப் பார்த்து வைத்த சமநிலை போய்விடும். இன்னொன்று, பொதுவில் ஒருமுறை வெளியிட்ட ஹோம்ப்ரூவை, அதாவது நாமே உருவாக்கியதை, பிறகு திருத்த முடியாது, புதுப் பதிப்பாகத்தான் போட வேண்டும். எதை ஏற்றினாலும் தனிப்பட்டதாகவே வைத்திரு.

என் கவலை இதைவிடப் பெரிது. 2024 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? புதிய விதிப்புத்தகம் வரும் நேரம். கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் விவரத்தாளில்) இருக்கும் பழைய ஸ்பெல்களும் மேஜிக் ஐட்டங்களும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும், பழையதே வேண்டுமென்றால் ஹோம்ப்ரூவாக நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று பியாண்ட்காரர்கள் அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்த பிறகு சில நாட்களில் அதைக் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான். ஆனால் ஷீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் கை உன்னுடையது இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் நோட்டுப் புத்தகத்தில் வளர்த்த உலகத்தை அப்படி ஓர் இடத்தில் மட்டும் வைக்காதே, வித்யா. இதில் நான் விளையாட்டாகப் பேசவில்லை.

மூலப் பிரதி சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக உன் கையில் இருக்கட்டும். ஒரு ஃபீச்சருக்கு (கிளாஸ் தரும் திறனுக்கு) ஒரு கோப்பு: பெயர், எந்த லெவல், என்ன செய்கிறது, எத்தனை முறை, எந்த ரெஸ்ட்டில் (ஓய்வில்) திரும்பும், எந்த ஆண்டு விதிக்கு எழுதியது. மென்பொருளில் ஏற்றுவது அதன் நகல் என்றே நினை.

ஏற்றுவதற்கு, இணையத்தில் சேர்ந்து ஆட உதவும் ஃபவுண்ட்ரி மென்பொருள்தான் சரி என்பேன். சந்தா கிடையாது, 50 டாலர் ஒருமுறை. லைசென்ஸ் உனக்கு மட்டும் போதும், மற்றவர்கள் பிரவுசரில் வந்து சேரலாம். முழு கிளாஸும் உருவாக்கலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஒரு காலி மாட்யூலை (பல ஆட்டங்களில் சேர்க்கக்கூடிய தொகுப்பை) செய், அதற்குள் காம்பெண்டியத்தை (ஐட்டங்களின் களஞ்சியத்தை) வை, அதன்பிறகு முதல் ஐட்டத்தை எழுது; ஃபீச்சர், கிளாஸ் எல்லாமே அங்கே ஐட்டம்தான். நிறையப் பேர் வேர்ல்டுக்குள்ளேயே (ஓர் ஆட்டத்துக்கான இடத்துக்குள்ளேயே) எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் காம்பெண்டியத்துக்கு ஏற்றுமதி செய்வார்கள். லெவல் ஏறும்போது ஃபீச்சர்களைத் தரும் அட்வான்ஸ்மென்ட் இணைப்புகள் அப்போதும் அந்தப் பழைய வேர்ல்டு ஐட்டங்களையே காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வேர்ல்டில் திறந்தால் லெவல் ஏறும், ஃபீச்சர் வராது.

ஃபீச்சர்களை முதலில் முடி, பிறகு சப்கிளாஸ், கடைசியில் கிளாஸ். சப்கிளாஸில் அது எந்த கிளாஸுக்கு உரியது என்று ஒரு அடையாளப் பெயர் கேட்கும். கிளாஸில் நீ கொடுத்த அடையாளமும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேராது. பெயரைத் தமிழில் தாராளமாக வைத்துக்கொள், ஆட்டத்தில் அழகாகத் தெரியும். அடையாளத்தில் மட்டும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. அதை நீயே கையால் நிரப்பிவிடு.

கிளெரிக் (பூசாரி) கிளாஸுக்கு நீ எழுதிய சப்கிளாஸான மழைக் களத்தின் இடிப் பகடை 3-ஆம் லெவலில் 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று), 6-இல் 1டி8, 17-இல் 2டி8 என்று வளர்கிறது இல்லையா, அதை டேமேஜ் (சேத அளவு) கட்டத்தில் நேரடியாக எழுதாதே. சப்கிளாஸில் ஸ்கேல் வேல்யூ என்ற அட்வான்ஸ்மென்டாக வைத்து, டேமேஜில் அதன் பெயரைச் சுட்டு. லெவல் ஏற ஏறப் பகடை தானாக மாறும். நேரடியாக எழுதினால், மழைக் களத்தை வைத்து ஆடும் கனியின் ஷீட்டை ஒவ்வொரு தடவையும் நீதான் திறந்து திருத்த வேண்டும்.

கேரக்டரின் மதிப்புகளை மாற்றும் ஆக்டிவ் எஃபெக்ட்டில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த மதிப்பு, எப்படி, எவ்வளவு என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ஓரெழுத்துப் பிழை இருந்தாலும் எச்சரிக்கை வராது, எஃபெக்ட் சும்மா கிடக்கும். இரண்டாவதில் ‘கூட்டு’, ‘மாற்றியெழுது’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. வேகம் 30 உள்ளவருக்கு 10 கூட்டினால் 40, மாற்றியெழுதினால் வெறும் 10. அதேபோல ஒரு ஃபீச்சருக்கு மூன்று முறை என்று வரம்பு போட்டுவிட்டு, அதன் ஆக்டிவிட்டியில் (அதைப் பயன்படுத்தும் செயலில்) எதைச் செலவழிக்க வேண்டும் என்று குறிக்காமல் விட்டால் எண்ணிக்கை குறையவே குறையாது. கனி சும்மா இருப்பாளா? ஒரே சண்டையில் இருபது இடி இறக்குவாள்.

ஷீட்டில் இழுத்துப் போட்ட ஐட்டம் நகல்தான் என்பதையும் மறக்காதே. காம்பெண்டியத்தில் பின்னால் திருத்தினால் அது ஷீட்டுக்குப் போகாது. விவரணையின் முதல் வரியில் பதிப்பு எண் எழுதி வை, யாரிடம் எது பழசு என்று ஒரு பார்வையில் தெரியும். சின்னத் திருத்தமென்றால் ஷீட்டிலுள்ள நகலையே திருத்து. அழித்துவிட்டுப் புதிதாக இழுத்துப் போட்டால் அட்வான்ஸ்மென்ட்டோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். ஆட்டத்தில் இறக்கும் முன் ஒரு பொம்மை கேரக்டரை 1-இலிருந்து 20 வரை ஏற்றிப் பார், நடுவில் லாங் ரெஸ்ட்டும் எடுத்துப் பார்.

விதிப்பதிப்பை மாற்றப்போகிறாயா என்று நீ சொல்லவில்லை. 2014 விதியில் கிளெரிக்கின் களம் (டொமைன்) 1, 2, 6, 8, 17 லெவல்களில் புதிய ஃபீச்சர் தரும். 2024-இல் 3, 6, 17 மட்டும்தான். மழைக் களத்தின் முதல் இரண்டு லெவல் சமாச்சாரமும் 3-க்குப் போக வேண்டும். அதிலும் நீ கொடுத்த ஹெவி ஆர்மர் இனி வேண்டாம், ப்ரொடெக்டர் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் கிளாஸே 1-இல் தருகிறது. 8-ஆம் லெவல் கூடுதல் அடியையும் எடுத்துவிடு, 7-இல் எல்லாக் கிளெரிக்குக்கும் அந்த மாதிரி ஒன்று வந்துவிடுகிறது. ஸ்பீஷீஸில் இன்னும் கவனம் தேவை. உன் நீர்க்குடியினரின் ஆற்றல் மதிப்புகளுக்கு +2, +1 என்று எழுதி வைத்திருக்கிறாய். புதிய விதியில் அந்தக் கூடுதலை பேக்கிரவுண்ட் தருகிறது. இரண்டையும் விட்டால் மொத்தம் 3 ஏற வேண்டிய இடத்தில் 6 ஏறும்.

உன் கணினியிலேயே சர்வர் ஓட்டுவதாக இருந்தால் ரவுட்டரில் 30000 போர்ட்டைத் திறக்க வேண்டும். நம் ஊரில் பல இணைப்புகளில் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். அப்படியானால் போர்ட் திறந்தும் பயனில்லை, யாரும் உள்ளே வர முடியாது. ரவுட்டர் காட்டும் முகவரியும் வெளியே தெரியும் முகவரியும் ஒன்றா என்று பார். வேறு வேறாக இருந்தால் வாடகை சர்வர் எடுத்துவிடு, அதோடு மல்லுக்கட்டாதே.

என்றாவது இதைப் பிறருக்குக் கொடுப்பாய் என்று நம்புகிறேன், கொடுக்க வேண்டும். டிஎன்டியின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியிலிருந்தே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது, 2025-இல் 5.2 வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதிலிருந்து எடுத்தாளலாம். ஆனால் 5.1-இல் கிளெரிக்குக்கு லைஃப் டொமைன் ஒன்றுதான் உண்டு. டெம்பஸ்ட் டொமைனிலிருந்து நீ வரிக்கு வரி எடுத்த அந்த இரண்டு பத்திகளை உன் சொந்த வாக்கியத்தில், உன் சொந்த எண்களோடு மறுபடி எழுதிவிடு. பிஹோல்டர் என்ற மான்ஸ்டரின் விவரமும் அதில் இல்லை. உன் சேற்றுக்கண்ணன் அதைவிட நன்றாகவே இருக்கிறான், அவனை வை.

கனி இப்போது 5-ஆம் லெவல் என்றாய். அவள் 6-க்கு ஏறும் முன் மழைக் களத்தின் உரையை மட்டும் அனுப்பு, புதிய லெவல்களுக்கு மாற்றித் தருகிறேன். கழிக்காவலரை அதன்பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
மாலதி

பி.கு.: ஃபவுண்ட்ரியின் டேட்டா ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் வைக்காதே. ஆட்டம் ஓடும்போதே ஒத்திசைவு கை வைத்தால் தரவுத்தளம் கெடும். சர்வரை நிறுத்தியபின் முழு ஃபோல்டரையும் பென்டிரைவுக்கு நகலெடு. மென்பொருள் அப்டேட்டுக்கு முன் கட்டாயம். கேம்பெயின் (தொடர் ஆட்டம்) நடுவில் அப்டேட்டே வேண்டாம்.