நேயர் விருப்பக் கேசட்டுகளை ஓட்டும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானொலி நேயர் விருப்ப நிகழ்ச்சிகளைப் பதிந்த கேசட்டுகள் இங்குப் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. பாட்டு இணையத்தில் கிடைத்துவிடும். அறிவிப்பாளர் வாசித்த தாத்தா பாட்டி பெயர்கள் கிடைக்காது. ஆகவே கணினிக்கு மாற்றிப் பதியும்போது இடைப்பேச்சை வெட்டாதீர்கள்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட் சன்னல் வழியே வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். பூஞ்சை டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல நாடாவையும் முதலில் முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள், இறுகிய சுருள் தளரும். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது; 120 இன்னும் மோசம், சட்டென்று சிக்கிக்கொள்ளும்.

ஒலி மந்தமா? பெரும்பாலும் ஹெட்டில், அதாவது நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் முனையில், அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும். திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றினால் தீரும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலியை வெளியே அனுப்பும் துளை) கணினியில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள், சுருக்கிய எம்பி3 பிறகு. இரைச்சல் நீக்குவதை நகலில் மட்டும் செய்யுங்கள், மூலக் கோப்பைத் தொட வேண்டாம்.

வாசகர், ஈசூன்