பெக்கிஷ் முதல் கிளெம்ட் வரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே மான்செஸ்டரில் நாங்கள் நலம். மழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது பாட்டுக்குப் பெய்கிறது.

செப்டம்பரில் இங்கே படிக்க வரும் உன் மகள், ‘பெக்கிஷ்’ என்றால் என்ன என்று கேட்டிருந்தாளே. பசிதான், ஆனால் சாப்பாட்டுப் பசி இல்லை. ஏதாவது கொறித்தால் தேவலை என்று வயிறு லேசாக நச்சரிக்குமே, அது. பறவை கொத்துவதைச் சொல்லும் ‘பெக்’கிலிருந்து வந்தது, 18ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நாலு மணிவாக்கில் ஒருவர் ‘ஐ ஆம் எ பிட் பெக்கிஷ்’ என்று பொதுவாக முனகுவார். யாராவது டிராயரில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுங்களேன் என்று அர்த்தம். நேராகக் கேட்பது இவர்களுக்கு ஆகாது. யார் வீட்டிலாவது ‘பெக்கிஷா?’ என்று விசாரித்தால் இலை போடுவார்கள் என்று அவள் நம்பிவிட வேண்டாம். டோஸ்ட் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் சீஸோடு.

கொலைப்பசி என்றால் ‘ஹாங்க் மார்வின்’. லண்டன்காரர்களின் குறும்பு. ஹாங்க் மார்வின் என்பவர் ‘தி ஷாடோஸ்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். பட்டினியைச் சொல்லும் ‘ஸ்டார்வின்’ என்பதோடு பெயர் ஓசை ஒத்துப்போனதைத் தவிர வேறொரு பாவமும் செய்யவில்லை.

எனக்கு மனதில் நிற்பது இந்த லங்காஷயர் பக்கத்துச் சொல்தான்: ‘கிளெம்ட்’. பட்டினியில் குடல் ஒட்டிப்போன பசி. இப்போது வயதானவர்கள் வாயில்தான் கேட்கலாம், அதுவும் வேடிக்கையாக. அந்தப் பசியை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு வரத்து நின்றதும் இந்த ஊர்ப்பக்கத்து மில்கள் வரிசையாக மூடின. லட்சக்கணக்கானவர்கள் நிவாரணத்தை நம்பிப் பிழைத்தார்கள். பதிலுக்கு நம் சூரத் பஞ்சு வந்தது. குட்டை இழை, ஓட்ட ஓட்ட அறுந்துகொண்டே இருக்குமாம். தொழிலாளிகள் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். அப்படியும் மான்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் ஒன்று அடிமைமுறைக்கு எதிராக அமெரிக்க அதிபர் லிங்கன் பக்கம் நின்றது. 1863 ஜனவரியில் அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். நகர நடுவில் அவர் சிலையின் பீடத்தில் அந்தக் கடித வரிகள் இருக்கின்றன, உன் மகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பெக்கிஷ், வீட்டு அலமாரியில் பிஸ்கட் இருப்பவர்களின் பேச்சு என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தோன்றும்.

சரி, பெட்டி விஷயம். முறுக்கு, பருப்புப்பொடி எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லு. பால் பொருளை இங்கே கொண்டுவர அனுமதியில்லை, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே