கார் மீட்பில் அரசியல் நுழையும் வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு கார் நிறுவனம் பழுதான வாகனங்களைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தால், அதாவது மீட்பு அறிவித்தால் போதும், "இதில் அரசியல் இருக்கிறது" என்ற பேச்சு காப்பிக்கடை மேசை வரை வந்துவிடுகிறது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அமெரிக்கா நெருக்கும், சொந்த நிறுவனம் என்றால் கண்டும் காணாமல் விடும் என்பது பலருடைய முடிவு. அரசியல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நுழையும் வாசல் வேறு. சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாசல் எது என்று தெரிந்திருப்பது நல்லது.

எல்லாரும் எடுத்துக்காட்டுவது 2009, 2010இல் நடந்த டொயோட்டா விவகாரம். அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளில் சுமார் 60 விழுக்காடு அமெரிக்க அரசின் கையில் இருந்தது. போட்டி நிறுவனத்தின் பெரும் பங்குதாரரே நடுவராகவும் இருந்தால் சந்தேகம் எழாமல் இருக்குமா? 2010 பிப்ரவரியில் அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட், மீட்கப்படும் டொயோட்டா கார்களை ஓட்டாதீர்கள் என்று சொல்லி, அன்றே அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டார். அதே மாதம் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சத்தம் பெரிதாக இருந்தது உண்மை. பழுதும் உண்மை. சரியாகப் பொருத்தப்படாத தரைவிரிப்பு முடுக்கி மிதியைப் பிடித்துக்கொண்டது. ஒரு வகை மிதியில் உராய்வுப் பாகம் தேய்ந்து, மிதி மெதுவாகத் திரும்பியது, அல்லது திரும்பாமலே நின்றது. மின்னணுக் கோளாறு என்ற குற்றச்சாட்டை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011இல் அறிக்கை வந்தது. பழுது பற்றி மக்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014இல் டொயோட்டா 120 கோடி அமெரிக்க டாலர் கட்டியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பலர் காரோடு வந்த விரிப்பை எடுக்காமல், அதன்மேலேயே நூடல்ஸ் போல் சுருண்ட தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போடுகிறார்கள். மேல் விரிப்புக்குக் கொக்கி கிடையாது. நாளடைவில் முன்னே நகர்ந்து மிதிக்கு அடியில் போய்விடும். ஓட்டுநர் பக்கம் ஒரே விரிப்பு, இரண்டு கொக்கியும் மாட்டியபடி இருக்கட்டும். முடுக்கி மிதி சிக்கிக்கொண்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து பிரேக் மிதி கல்லாகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரை 'N' எனப்படும் நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதைக்கு வருவோம். சாவி போடும் சுவிட்சுக்குள் இருக்கும் சிறு உருளை முள்ளும் அதன் சுருள்வில்லும் குட்டையாக இருந்ததால், கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடியோ சாவியை ஓட்ட நிலையிலிருந்து திருப்பிவிட்டது. எஞ்சின் நின்றது, ஸ்டீயரிங் இறுகியது, அதோடு காற்றுப்பையும் செயலிழந்தது. 2006இல் நீளமான முள் வைத்துச் சரிசெய்தார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழைய சுவிட்சுக்கும் புதியதற்கும் ஒரே எண் என்றால், எந்தப் பொறியாளருக்கு வித்தியாசம் புலப்படும்? மீட்பு 2014இல்தான் வந்தது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

அரசு தன் முதலீட்டைக் காப்பாற்றவே கண்ணை மூடியது என்று சிலர் சொல்வார்கள். தேதிகள் அதற்கு முழுதாக இடம் தரவில்லை. காற்றுப்பை விரியாத புகார்களை விசாரிக்கலாம் என்று என்எச்டிஎஸ்ஏ எனப்படும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குள்ளேயே யோசனை எழுந்து கைவிடப்பட்டது 2007இல். அரசு பங்கு வாங்கியது 2009இல். சுவிட்சுக்கும் காற்றுப்பைக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாட்டின் சாலைகளில் ஓடும் 25 கோடி வாகனங்களின் குறைகளை ஆராய அந்தப் பிரிவில் இருந்தவர்கள் சுமார் 50 பேர். ஆள் எண்ணிக்கையை முடிவு செய்வது வரவுசெலவுத் திட்டம், அதை முடிவு செய்வது அரசியல். அபராதமும் அப்படித்தான். டொயோட்டாவுக்கு 2010இல் அந்த அமைப்பு விதித்த 1.64 கோடி டாலரும், ஜெனரல் மோட்டார்ஸுக்கு 2014இல் விதித்த 3.5 கோடி டாலரும் சட்டம் அனுமதித்த உச்சவரம்புகள். அதைவிடக் கடுமையாக நடக்க அதிகாரிகள் விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது. 2017 ஜனவரி முதல் 2022 மே வரை அந்த அமைப்புக்கு நாடாளுமன்றம் உறுதிசெய்த தலைவரே இல்லை, இரண்டு கட்சி ஆட்சியிலும். 2025இல் டெஸ்லா தலைவர் ஈலோன் மஸ்க் அரசின் செலவுக்குறைப்புப் பணியை முன்னின்று நடத்திய மாதங்களில், டெஸ்லாவை விசாரித்துக்கொண்டிருந்த இதே அமைப்பிலும் ஆட்குறைப்பு நடந்தது. விசாரணைகள் அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட நிலையே ஏற்படக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நம்மை நேரடியாகத் தொடுவது ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளின் விவகாரம். பையை ஊதவைக்கும் உலோகக் குடுவையில் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள் இருக்கும். ஈரமும், பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் அந்த வில்லைகளைப் பொடியாக்குகின்றன. பொடியானது வேகமாக எரியும். பை விரிவதற்குப் பதில் குடுவையே வெடித்து உலோகத் துண்டுகள் பாயும். மலேசியாவின் சிபுவில் 2014 ஜூலையில் ஒரு பெண் இப்படிப் பாய்ந்த உலோகத் துண்டால்தான் உயிரிழந்தார்.

அமெரிக்காவில் முதலில் ஃபுளோரிடா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற ஈரமான இடங்களுக்கு மட்டும் மீட்பு அறிவித்தார்கள். மற்ற மாநிலங்களின் செனட்டர்கள் எங்கள் மக்கள் மட்டும் இளப்பமா என்று கேட்க, நாடு முழுவதற்கும் விரிவாக்கும் நெருக்கடி வந்தது. அக்கறை நியாயமானதே. ஆனால் மாற்றுக் குடுவைகள் போதுமான அளவு இல்லை. குளிர்ப்பகுதிக் காருக்கு ஒன்று போனால், ஆபத்து மிகுந்த ஈரப்பகுதிக் கார் காத்திருக்கும். 2015 நவம்பரில்தான் யாருக்கு முதலில் என்ற வரிசையை என்எச்டிஎஸ்ஏ ஆணையாக்கியது. ஆஸ்திரேலியா 2018இல் கட்டாய மீட்பு ஆணையிட்டு, 2020 இறுதி என்று கெடுவும் வைத்தது.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஆண்டு முழுதும் வெயில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் நாள் முழுக்க நிற்கும் கார் ஃபுளோரிடாக் காரைப் போலவே வேகிறது. ஆனால் உலகெங்கும் பாகங்களைப் பங்கிடும் மேசையில் நமக்காகக் கேட்க ஒரு செனட்டரும் இல்லை. பழுதைக் கண்டுபிடிப்பதும் அறிவிப்பதும் பெரும்பாலும் தோக்கியோவிலும் சோலிலும் வாஷிங்டனிலும் நடப்பவை. அவை இங்கே வந்து சேர எத்தனை நாளாகிறது என்பதுதான் நம் உயிர்ப் பிரச்சினை. இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பழுதான ஃபயர்ஸ்டோன் டயர்களை சவுதி அரேபியாவில் மாற்றித் தந்துவிட்டு உள்நாட்டில் ஃபோர்டு பேசாமல் இருந்தது வெளியானதும், அமெரிக்கா 2000இல் சட்டம் கொண்டுவந்தது: வெளிநாட்டில் செய்யும் மீட்பையும் ஐந்து வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளர்கள் செய்யக்கூடியது: நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் மீட்பு விவரத்தைப் பாருங்கள். வாகனப் பதிவு அட்டையில் உள்ள சேசிஸ் எண்ணை எடுத்து, விற்பனை முகவரிடமும் சரிபாருங்கள். ஜப்பானிலிருந்து இணை இறக்குமதியாக (அதிகாரபூர்வ முகவர் வழியாக இல்லாமல்) வந்த காருக்குப் பெரும்பாலும் 17 எழுத்து எண் இருக்காது. மாடல் குறியீடு, சிறுகோடு, ஆறு அல்லது ஏழு இலக்கம் என்றிருக்கும். அதை அப்படியே நிறுவனத்தின் ஜப்பானிய மீட்புத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். காற்றுப்பை வேலையென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, மின்தேக்கியில் மிச்சமுள்ள மின்சாரம் இறங்கும்வரை சில நிமிடம் காத்திருந்த பிறகே தொட வேண்டும். இதை முகவரின் பட்டறைக்கு வெளியே செய்யவிடாதீர்கள். மாற்றிய பாகத்தின் எண், மீட்பு எண் இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். தொடக்கத்தில் மாற்றிய சில தக்காத்தா குடுவைகள் அதே வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் முறை மாற்ற வேண்டியவை. ரசீதில் எண் இல்லாவிட்டால் அது தெரியவே வராது. வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பிரேக், விளக்கு, புகை பார்ப்பார்களே தவிர ஸ்டீயரிங்கைக் கழற்றிக் குடுவையைப் பார்ப்பதில்லை.

நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எங்கள் வேண்டுகோள் இது: ஒவ்வொரு மீட்புக்கும் தயாரிப்பு நாட்டில் அறிவித்த தேதி, இங்கே அறிவித்த தேதி, பாகம் வந்து சேர்ந்த தேதி, இதுவரை சரிசெய்யப்பட்ட கார்களின் விழுக்காடு ஆகிய நான்கையும் எவரும் பார்க்கும் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். பழைய கார் கைமாறும்போது மீட்புக் கடிதம் முந்தைய உரிமையாளரின் வீட்டுக்குப் போய்விடும் வாய்ப்பு உண்டு. ஆகவே நிலுவையில் மீட்பு உள்ளதா இல்லையா என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக அச்சிட வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்புத் துறை வாசகர்கள்,
ஈசூன்