முன்பாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தேர்ந்தெடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய அமெரிக்க மசில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார்களைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின், பெயிண்ட் பற்றி எழுதியதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஸ்டீயரிங் பற்றிய பத்தியில்தான் மனசு ஒப்பவில்லை. மேனுவல் ஸ்டீயரிங் (கை பலத்தில் மட்டும் திருப்புவது) வேறு வழியில்லாத காலத்தின் மிச்சம், வண்டி வாங்கிய கையோடு பவர் ஸ்டீயரிங்குக்கு (எண்ணெய் அழுத்தம் போன்ற உதவியோடு திருப்புவது) மாற்றிவிடுங்கள், அப்போதுதான் வீட்டுப் பெண்களும் ஓட்டலாம் என்கிறார் கட்டுரையாளர்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் 1970 செவர்லே நோவா ஒன்று இருக்கிறது. 350 கன அங்குல வி8 எஞ்சின், மேனுவல் ஸ்டீயரிங். அதை ஓட்டுவது நான்தான். வயது 57, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஆகவே இதற்குப் பதில் எழுத வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் அந்த "வேறு வழியில்லாத காலம்". பிரான்சிஸ் டேவிஸ் என்ற எஞ்சினியர் 1920களிலேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கைச் செய்து ஓட்டிக் காட்டிவிட்டார். செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தள்ளிப்போட்டன. கடைசியில் 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. மசில் கார் காலத்தைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் பான்டியாக் ஜிடிஓ வந்தது 1964இல். அதற்குள் பவர் ஸ்டீயரிங் ஊரறிந்த சமாச்சாரம். செவர்லே ஆர்டர் தாளில் அதற்கு என்40 என்று ஒரு குறியீடே இருந்தது. நூறு டாலர் பக்கம் சேர்த்துக் கொடுத்தால் தொழிற்சாலையிலிருந்தே மாட்டி வந்தது. அதை வேண்டாம் என்று விட்டவர்களில் சிலர் காசு பார்த்தவர்கள், சிலர் பாரம் பார்த்தவர்கள். நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்துக்குப் போகிறவர்கள் எஞ்சின் பலத்தில் கொஞ்சத்தை பவர் ஸ்டீயரிங்கின் பம்ப் தின்பதை விரும்பவில்லை. இன்று நம் கைக்கு வரும் மேனுவல் வண்டி, அன்றைக்கு ஒருவர் யோசித்து எடுத்த முடிவாகவும் இருக்கலாம். அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது நியாயமில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். எந்த ஸ்டீயரிங் என்பதை முன் சக்கரங்களின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது, அங்கே எந்த டயர் இருக்கிறது, ஓட்டுகிறவரின் தோள் எப்படி இருக்கிறது என்பவை முடிவு செய்யட்டும். பவர் நல்லது, மேனுவல் மட்டம் என்ற பொதுவான பேச்சை வைத்து ஒரு வண்டியைப் பிரிக்கக் கூடாது. மேனுவல்தான் ஆண்பிள்ளை வண்டி என்ற வீறாப்பும் அதே மாதிரி உதவாது.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். செவர்லேயின் ஸ்மால் பிளாக், பிக் பிளாக் என்ற இரண்டு எஞ்சின் குடும்பங்களுக்கும் நடுவே நூறு பவுண்டு அளவுக்கு வித்தியாசம் உண்டு. எங்கள் 350 ஸ்மால் பிளாக். பிக் பிளாக்கின் கூடுதல் பாரத்தில் பெரும்பகுதி முன் அச்சின் மேல்தான் இறங்கும். அதோடு டயரும் மாறிவிட்டது. அன்று வந்தவை பயாஸ் பிளை டயர்கள், உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்குமறுக்காகப் போகும் பழைய வகை. இன்று எல்லோரும் போடுவது ரேடியல், அதிலும் அகலமான ரேடியல். தரையைப் பிடிக்கும் பரப்பு கூடக் கூட, நின்ற இடத்தில் ஒடிக்கும்போது கனமும் கூடும். இது போதாதென்று, பதினாறு அங்குல ஸ்டீயரிங் வீலைக் கழற்றிவிட்டு அழகுக்காகப் பதினாலு அங்குலத்தை மாட்டுகிறார்கள். கைக்குக் கிடைக்கிற நெம்பு குறைகிறது. அப்புறம் மேனுவல் பாக்ஸை, அதாவது வீலின் சுற்றைச் சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் கியர் பெட்டியைத் திட்டுகிறார்கள்.

எங்கள் நோவா வந்தபோது பார்க்கிங்கில் ஸ்டீயரிங் கல்லாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். அங்கிருந்தவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க மிசஸ் ஓட்டறதுன்னா பவர் போட்டே ஆகணும்" என்றார். சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

கனம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பாக்ஸிலிருந்து வெளியே வரும் பிட்மேன் ஆர்ம் என்ற கையிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் குறுக்குத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். இப்போது ஸ்டீயரிங் வீலைத் திருப்பினால் அதன் பின்னால் இருப்பது பாக்ஸும், வீலை அதோடு இணைக்கும் ஸ்டீயரிங் தண்டும் மட்டும்தான். அது இலகுவாகச் சுற்றினால் குற்றம் பாக்ஸில் இல்லை, கீழே இருக்கிறது. அப்படியே சக்கரங்களைக் கையால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தால், சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டின் கதையும் தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் குற்றம் இருந்தது. கீழ் பால் ஜாயின்ட்டுகளில் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. குறுக்குத் தண்டின் மறுபக்கத்தைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் பாதி வழியில் சிக்கிக்கொண்டு நின்றது. பாக்ஸின் மூடியில் ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்குரூ ஒன்று இருக்கும். யாரோ ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று அதை முழுக்க முறுக்கி வைத்திருந்தார்கள். இந்தப் பாக்ஸில் பற்கள் நேர் நிலையில்தான் மிக நெருக்கமாகக் கடிக்கும்படி செய்திருப்பார்கள். ஸ்குரூவைக் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்தபின் வீல் தானாகத் திரும்பி வராது. பாக்ஸைப் பிரித்து பேரிங், சீல் மாற்றி, சரியான இறுக்கத்தில் வைத்து, பால் ஜாயின்ட்டும் ஐட்லர் ஆர்மும் புதிதாகப் போட்டோம். முன் டயர்களின் காற்றைச் சரிபார்த்தோம். கடைசியாக அலைன்மென்ட், அதாவது முன் சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது.

அலைன்மென்ட்டில் கேஸ்டர் என்ற கோணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. சாய்வு கூடினால் நெடுஞ்சாலையில் வண்டி நூல் பிடித்த மாதிரி போகும், ஆனால் ஸ்டீயரிங் கனக்கும். பவர் இருந்தால் மூன்று முதல் ஐந்து பாகை வரை தாராளமாக வைக்கலாம். மேனுவலில் இரண்டைத் தாண்டினால் கையில் தெரிய ஆரம்பிக்கும். பயாஸ் பிளை டயர் காலத்துப் புத்தகக் கணக்கை அப்படியே ரேடியலுக்கு வைத்தால் வண்டி ரோட்டில் அலையும். எங்களுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் கீழே சரியாக அமைந்தது.

இப்போது சக்கரம் கொஞ்சம் உருண்டால் போதும், ஒடிப்பது எனக்குச் சிரமமே இல்லை. நின்ற இடத்தில் மட்டும் ஒடிக்க மாட்டேன். வளைவில் டயர் எப்போது பிடியை விடத் தொடங்குகிறது என்பது வீலின் கனம் குறைவதிலேயே உள்ளங்கைக்குத் தெரிகிறது. ஈர ரோடும் காய்ந்த ரோடும் வெவ்வேறாகத் தெரிகின்றன. அந்தப் பேச்சை இழக்க எனக்கு மனசில்லை. பம்ப், பெல்ட், ஹோஸ், எண்ணெய் ஒழுகல் எதுவும் இல்லாத எஞ்சின் அறையும் பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

மேனுவலுக்கு உள்ள உண்மையான குறையையும் சொல்லிவிடுகிறேன். அது வேகமின்மை. எங்கள் பாக்ஸின் விகிதம் 24க்கு 1, அதாவது வீலை 24 பாகை திருப்பினால் பிட்மேன் ஆர்ம் ஒரு பாகைதான் திரும்பும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அந்தக் காலத்து பவர் பாக்ஸ்கள் பெரும்பாலும் 16க்கு 1 பக்கம். பின்பக்கம் திடீரென்று வழுக்கினால் மேனுவலில் கை நிறைய வேலை செய்ய வேண்டியிருக்கும். வேகமான மேனுவல் பாக்ஸும் கிடைக்கிறது, ஆனால் வேகம் கூடும்போது கனமும் சேர்ந்தே வரும். பவர் தரும் பெரிய நன்மை இந்த வேகம்தான். கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் சொன்னது சொகுசை மட்டும்.

என் அண்ணன் ஒஹாயோவில் இருக்கிறார். அவரிடம் இருப்பது 1970 செவெல் எஸ்எஸ் 396. பேர்தான் 396, அந்த வருஷம் எஞ்சின் கொள்ளளவு 402 கன அங்குலம். பிக் பிளாக், முன்னால் அகலமான டயர், அவருக்கோ வலது தோளில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "அண்ணா, உன் வண்டிக்குப் பவர்தான். யோசிக்காதே" என்றேன். "நீ மட்டும் மேனுவலை விட மாட்டேங்கறே?" என்றார். "என் வண்டி வேற, உன் வண்டி வேற" என்றேன். அவர் பவருக்கு மாறினார். ஓட்டிப் பார்த்தேன், அந்த வண்டிக்கு அதுதான் பொருத்தம். வலியைப் பொறுத்துக்கொண்டு பிக் பிளாக் வண்டியை மேனுவலில் மல்லுக்கட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஆனால் எந்த பவர் பாக்ஸ் என்பதில் நாங்கள் நிறையப் பேசினோம். பாக்ஸுக்குள் டார்ஷன் பார் என்ற சிறிய எஃகுத் தண்டு இருக்கிறது. வீலைத் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம் வால்வைத் திறந்துவிட, பம்ப் அனுப்பும் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். தண்டு மெல்லியதாக இருந்தால் விரல் பட்டதும் உதவி வந்துவிடும், கைக்கு ரோடு தெரியாது. தடிமனாக இருந்தால் கை கொஞ்சம் உழைத்த பிறகுதான் உதவி வரும். கிரைஸ்லர் குடும்பத்து மசில் கார்களில் ஒற்றை விரலால் திருப்பலாம் என்பார்களே, அது பாராட்டாகவும் புகாராகவும் சொல்லப்படுவது இதனால்தான். செவர்லேயின் 1980களின் ஐராக் கமாரோ காரில் வந்த பாக்ஸ் வேகமானது, தண்டும் தடிமனானது. அண்ணன் அதைத்தான் மாட்டினார். ஹோஸ் முனைகள் மெட்ரிக் என்பதால் அடாப்டர் தேவைப்பட்டது. இந்த மாதிரிப் பாக்ஸ்கள் சிலவற்றில் உள்ளேயே தடை வைத்திருப்பார்கள், சக்கரம் முழுதாக ஒடியாது, வாங்குமுன் விசாரிக்க வேண்டும். பாக்ஸின் நீளம் மாறினால் ஸ்டீயரிங் தண்டின் இணைப்பையும் மாற்ற வேண்டி வரும். பாக்ஸ், பம்ப், பிராக்கெட், புல்லி, ஹோஸ் எல்லாம் புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். "வாங்கிய கையோடு மாற்றுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற வேலை இல்லை இது.

இன்னொன்று. ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டாலோ பெல்ட் அறுந்தாலோ பவர் ஸ்டீயரிங் அறவே செத்துப்போகாது, திருப்பலாம். ஆனால் விகிதம் வேகமானது என்பதால் மேனுவல் வண்டியை விடக் கனமாக இருக்கும். புதிதாக மாற்றுகிறவர்கள் எஞ்சினை நிறுத்தி ஒருமுறை திருப்பிப் பார்த்து, அந்தக் கனத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டாஷ்போர்டுக்குக் கீழே ஒளித்து வைக்கும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கும் இப்போது இருக்கிறது. பம்பும் எண்ணெயும் வேண்டாம், தோள் வலிக்காரர்களுக்கு வரம். ஆனால் பழைய 24க்கு 1 பாக்ஸையே வைத்துக்கொண்டால் அந்த ஐந்து சுற்றும் அப்படியேதான் இருக்கும். ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 1965 முதல் 1970 வரை அதில் வந்த பவர் ஸ்டீயரிங், கீழே தண்டுகளோடு சேர்த்து மாட்டிய சிலிண்டரும் வால்வும்தான், அவை ஒழுகுவதில் பேர் போனவை. அங்கே பழைய முறையைப் புதுப்பிப்பதா, புது பவர் பாக்ஸ் போடுவதா என்று தனியாக யோசிக்க வேண்டும்.

எதை மாற்றினாலும் கழற்றிய பாக்ஸையும் பிட்மேன் ஆர்மையும் எண்ணெய் தடவி, எந்த வண்டியுடையது என்று எழுதி எடுத்து வையுங்கள். பின்னால் வாங்குகிறவர் அசல் நிலையைக் கேட்கக்கூடும்.

அடுத்த வாரம் பிரேக் பற்றிக் கட்டுரை வரும் என்று போட்டிருக்கிறீர்கள். டிரம்மைத் தூக்கிவிட்டு டிஸ்க் போடுங்கள் என்று எழுதுவதற்கு முன்னால், எந்த எஞ்சின், எந்த டயர், யார் ஓட்டுகிறார் என்று கட்டுரையாளர் கேட்டு எழுதினால் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். "வீட்டுப் பெண்களும்" என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஆன் ஆர்பர், மிச்சிகன்