கண் பரிசோதனையும் இரத்தச்சோகைப் பரிசோதனையும்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடுத்த மாதம் நம் பள்ளியிலேயே கண் பரிசோதனையும் இரத்தச்சோகைப் பரிசோதனையும் நடக்க இருக்கின்றன. செலவை ஒரு தனியார் நிறுவனத்தின் அறக்கட்டளை ஏற்கிறது. ஒப்புதல் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கையெழுத்துப் போடும் முன் இதை முழுதும் படியுங்கள். படிக்கச் சிரமம் என்றால் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இலவசம் என்றதும் "அவர்களுக்கு இதில் என்ன லாபம்?" என்று கேட்பது நியாயம்தான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆகவே யாருக்கும் மாலை மரியாதை தேவையில்லை. ஒரு நன்றி போதும். பணம் பள்ளிக்கு ரொக்கமாக வராது. மருத்துவமனைக்கும் கண்ணாடிக் கடைக்கும் அறக்கட்டளையே நேரடியாகச் செலுத்தும். யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டை பள்ளி மேலாண்மைக் குழு சரிபார்க்கும். படிவத்துக்கு, வண்டிக்கு, ஃபிரேமுக்கு என்று யார் கேட்டாலும் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்படிப்பட்ட முகாம்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் நடக்கும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரமே காரணம். அப்போது இங்கே தேர்வுக் காலம். கண்ணாடி வந்து சேர்வதற்குள் கோடை விடுமுறை தொடங்கிவிடும்; பிள்ளை அதைப் போடுகிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. அதனால்தான் முதல் பருவத்திலேயே நடத்த வேண்டும் என்றும், பல ஆண்டுத் திட்டமாக எழுத வேண்டும் என்றும் கேட்டோம். தொடரும் திட்டம் என்றால் மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. உடைந்த கண்ணாடிக்கு மாற்று, அடுத்த ஆண்டு மறுபரிசோதனை, மருத்துவமனைக்குப் போய்வர வண்டி ஆகியவற்றுக்கு இந்தப் பணம் பயன்படும். இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் அரசே தருகிறது. அவற்றை அறக்கட்டளையிடம் கேட்கவில்லை.

இனி கண். முதல் சோதனையை, பயிற்சி பெற்ற ஆசிரியர்களே வகுப்பில் செய்வார்கள். ஆறு மீட்டர் தூரத்தில் அட்டை இருக்கும். அதிலுள்ள குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். எழுத்து அட்டையை வைத்தால் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதனால் இந்த முறை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். இரண்டு கண்ணில் எதிலாவது, அட்டையில் 6/9 என்று குறித்த வரி தெரியாத பிள்ளை மருத்துவமனைக்கு அனுப்பப்படும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் பிள்ளைக்கே அது தெரியாது, மற்றக் கண் சமாளித்துவிடும். இதனால் வரக்கூடிய சோம்பல் கண் என்ற குறையைச் சிறு வயதில் பிடித்தால்தான் சரிசெய்வது எளிது. வீட்டில் ஐந்து, ஆறு வயதில் தம்பி தங்கை இருந்தால் மருத்துவமனை செல்லும் நாளில் அவர்களையும் கூட்டி வாருங்கள்.

பலரும் தவறவிடுவது மருத்துவமனை நாளைத்தான். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சொட்டு விடாமல் பார்த்தால், பிள்ளையின் கண் தானாகவே இறுக்கிப் பார்த்து, இல்லாத கிட்டப்பார்வையை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறையை) இருப்பதாகக் காட்டிவிடும். தேவையில்லாத பவர் வந்து தலைவலியில் முடியும். சொட்டு விட்டபின் பக்கத்திலிருக்கும் எழுத்து தெரியாது, வெயில் கூசும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ இரண்டு நாளோ இருந்து தானாகச் சரியாகிவிடும். அதுவரை வீட்டுப்பாடம் வேண்டாம், சைக்கிள் வேண்டாம். பெற்றோரில் ஒருவர் உடன் வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் சனிக்கிழமை ஏற்பாடு செய்கிறோம்.

கண்ணாடியைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காத ஃபிரேம் பையிலேயே கிடக்கும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்துதான் லென்ஸ் பொருத்துகிறார்கள். அக்காவின் கண்ணாடி தம்பிக்கு ஆகாது. லென்ஸ் பிளாஸ்டிக் என்பதால் சேலைத் தலைப்பால் உலர்வாகத் துடைத்தால் கீறல் விழும். தண்ணீரில் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது உண்மையல்ல. கிட்டப்பார்வையில் வளரும் வயதில் கண் விழியும் நீள்வதால்தான் பவர் மாறுகிறது. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு நல்லவை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பவரை அவை குறைக்காது. பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் நாளைக்குப் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கழற்றச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. கரும்பலகை தெரியாமல் பின்தங்குகிற பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றியும் அவர்கள் கவலைப்படட்டும்.

இரத்தச்சோகைக்கு விரல் நுனியில் ஒரு குத்து. விரலைப் பிதுக்கி எடுத்தால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும் என்பதால், கையை வெதுவெதுப்பாக்கி, தானாக வரும் துளியை எடுக்கச் சொல்லியிருக்கிறோம். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின், 100 மில்லி இரத்தத்தில் 11 வயது வரை 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வரை 12 கிராமுக்கும் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்ப்பார். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்; சாப்பிட்டபின் போட வேண்டும். அதையொட்டி டீ, காபி குடித்தால் சத்து உடலில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். முதல் மாத்திரைக்கு வயிறு வலித்தது என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம். நிறுத்தும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.

புகைப்படம் பற்றி. பணம் தந்தவர்களும் கணக்குக் காட்ட வேண்டியவர்கள்தான். அவர்களுக்கு ரசீதுகளும் வகுப்புவாரி எண்ணிக்கையும் தருவோம். எந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, யார் காப்பகத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தர மாட்டோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. "ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று பிரிக்காமல் வகுப்பு முழுவதையும் சோதிப்பதும் இதனால்தான். படிவத்தில் புகைப்படத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. "வேண்டாம்" என்று குறித்தாலும் கண்ணாடி, சிகிச்சை எதிலும் குறை வராது. அறக்கட்டளை சார்பில் யாராவது வீட்டுக்கு வந்தாலோ, பிள்ளையின் செல்போன் எண்ணைக் கேட்டாலோ உடனே பள்ளிக்குத் தெரிவியுங்கள். அப்படி வர யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பிள்ளைக்கு வலிப்பு, இதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தாலோ, முன்பே கண்ணாடி போட்டிருந்தாலோ பின்பக்கத்தில் எழுதுங்கள். பழைய கண்ணாடி உடைந்து கிடந்தாலும் சோதனை நாளில் கொடுத்தனுப்புங்கள். பழைய பவரை அதிலிருந்தே அளந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்